பதினொரு நாடுகளும் ஒரு பனி ராணியும்

ஃப்ளோரிடாவில், ஆர்லாண்டோவுக்குப் பக்கத்தில், உலகத்தில் மொத்தமே பதினொரு நாடுகள்தான். மெக்சிகோவில் கிளம்பி நார்வே, சீனா, ஜெர்மனி, இத்தாலி, அமெரிக்கா, ஜப்பான், மொராக்கோ, பிரான்ஸ், பிரிட்டன் என்று ஒரு ஏரியைச் சுற்றி நடந்தால் கனடாவில் கொண்டுபோய் விடும். மொத்த உலகமும் 2 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. விசா வேண்டாம், டிக்கெட் வேண்டும். டிஸ்னி நிறுவனம் 1982 அக்டோபர் 1 அன்று திறந்த எப்காட் பூங்காவின் பின்பாதி இது. பெயர் வேர்ல்ட் ஷோகேஸ். முதலில் ஒன்பது நாடுகள். மொராக்கோ 1984இலும் நார்வே 1988இலும் சேர்ந்தன. அதோடு உலகம் நிறைந்துவிட்டது.

இந்த நாடுகளுக்குள் கார்ட்டூன் பாத்திரங்களை விடலாமா கூடாதா என்பது எங்கள் குடும்பத்தில் நெடுநாளாக நடக்கும் வழக்கு. வாதி என் சகலை, அதாவது என் மனைவியின் அக்கா கணவர். ஆர்லாண்டோவாசி, வருடச் சந்தா அட்டைக்காரர், ‘கூடவே கூடாது’ கட்சி. பிரதிவாதி என் மகள். நான் கார் ஓட்டுபவன்.

சகலையின் பக்தியைச் சொன்னால்தான் மற்றது புரியும். எப்காட்டில் எந்தக் கட்டடம் எந்த வருடம் திறந்தது, எது எப்போது மூடியது, எந்தச் சுவருக்கு முன்பு என்ன நிறம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். திருவாரூர் பக்கத்தில் இருந்த அவருடைய பூர்வீக வீடு, திண்ணை, முற்றம், தேக்குத் தூண்களோடு, இடிக்கப்பட்டு அடுக்ககமானபோது சம்மதக் கையெழுத்தைத் தபாலில் அனுப்பியவரும் அவர்தான். “பழசைக் கட்டிக்கிட்டு அழ முடியுமா?” என்றார் அப்போது. எப்காட்டில் ஒரு படகுச் சவாரியை மூடியபோது மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை என்று மனைவியின் அக்கா சொன்னார்.

2002 கோடையில் ஊரிலிருந்து அப்பா வந்திருந்தார். கும்பகோணத்தில் பள்ளிக்கூடப் புவியியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அமெரிக்காவுக்கு வரும் பெற்றோரை எங்கெங்கே அழைத்துப்போக வேண்டும் என்று ஒரு எழுதாத சட்டம் உண்டு. அதன்படி நயாகரா முடிந்து எப்காட். சகலை வழிகாட்டி.

வாசலிலேயே சகலைக்கு முகம் வாடியது. எப்காட்டின் அடையாளம் 55 மீட்டர் உயர வெள்ளி உருண்டை. அதன் பக்கத்தில் உருண்டையைவிட உயரமாக மிக்கி மவுஸின் கை ஒன்று, மந்திரக்கோலோடு. 2000ஆம் ஆண்டுக் கொண்டாட்டத்துக்காக வைத்ததை யாரும் எடுக்கவில்லை. 2007 வரை அது நின்றது.

“அந்தக் கையை வெட்டணும்” என்றார் சகலை.

அவர் கோபத்துக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. வால்ட் டிஸ்னி கண்ட கனவில் எப்காட் பூங்காவே அல்ல. 20,000 பேர் குடியிருக்கும் மாதிரி நகரம். 1966 அக்டோபரில் அதைப் பற்றிப் படம் எடுத்துப் பேசினார், டிசம்பரில் காலமானார். பின்னால் வந்தவர்களுக்கு நகராட்சி நடத்தும் ஆசை இல்லை. அந்தப் பெயரில் ஒரு நிரந்தர உலகக் கண்காட்சியைக் கட்டினார்கள். முன்பாதியில் அறிவியலும் எதிர்காலமும், பின்பாதியில் நாடுகள். இது பெரியவர்களுக்கான இடம் என்ற கர்வத்தில், திறந்தபோது மிக்கி மவுஸுக்கே உள்ளே இடமில்லை. எலியால் எழுந்த சாம்ராஜ்யம் எலிக்குத் தடை போட்டது. டிக்கெட் வாங்கி வந்தவர்களோ முதல் கேள்வியாக “மிக்கி எங்கே?” என்றார்கள். சில வருடங்களிலேயே மிக்கி பளபளக்கும் விண்வெளி உடுப்பில் வந்து நின்றது. எதிர்காலத்துக்கு ஏற்ற உடையாம்.

இதையெல்லாம் சகலை சொல்லிக்கொண்டே வர, அப்பா கடமையாகத் தலையாட்டினார். அவருக்குக் கடையில் விற்ற விளையாட்டுப் பாஸ்போர்ட்தான் பிடித்திருந்தது. ஒவ்வொரு நாட்டிலும் முத்திரை குத்தித் தருவார்கள். குழந்தைகளுக்கானது என்று சொல்லிப் பார்த்தேன். “என் நிஜ பாஸ்போர்ட்டுல ஒரே ஒரு முத்திரைதான் இருக்கு. இதுலயாவது நிறையட்டும்” என்றார்.

நார்வேயில்தான் அவர் நின்றது. மரத்தாலான ஸ்டேவ் சர்ச், அகெர்ஷுஸ் கோட்டையின் சாயலில் ஓர் உணவகம், நடுவில் மெயில்ஸ்ட்ராம் என்ற படகுச் சவாரி. வைகிங்குகள், மூன்று தலைப் பூதம், பனிக்கரடிகள், திடீரென்று பின்னோக்கி ஓடும் படகு, கடைசியில் வட கடல் புயலில் ஓர் எண்ணெய்க் கிணற்று மேடை. நார்வே நாட்டு நிறுவனங்கள் பணம் போட்டு எழுப்பிய கட்டடம் என்பதால் பூதத்தோடு பெட்ரோலியத்தையும் சேர்த்துக்கொண்டார்கள். ஐந்து நிமிடத்தில் சவாரி முடிந்ததும் ஒரு சின்னத் திரையரங்கு. அங்கே நார்வேயைப் பற்றி இன்னொரு ஐந்து நிமிடப் படம்.

அந்தப் படத்தை யாரும் பார்ப்பதில்லை. ஒரு பக்கக் கதவில் நுழைந்து, நாற்காலிகளைக் கடந்து, மறுபக்கக் கதவு வழியாகக் கடைக்குப் போய்விடுவார்கள். அன்றைக்கு உட்கார்ந்தவர் அப்பா ஒருவர்தான். நாங்கள் அவருக்காக உட்கார்ந்தோம். வெளியே வந்ததும் சொன்னார்: “நம்ம தீவுத்திடல் பொருட்காட்சி மாதிரியே இருக்குடா. வேளாண்மைத் துறை, மீன்வளத் துறைன்னு அரங்கு வச்சிருப்பான். ஜனங்க எல்லாத்துக்குள்ளயும் நுழைஞ்சு வெளிய வந்து ராட்டினத்துக்கு ஓடும்.”

சகலை இதை ரசிக்கவில்லை.

நார்வேக் கடையில் நின்ற பெண்ணின் சட்டையில் பெயரும், பெயருக்குக் கீழே ஸ்டவாங்கர் என்று ஊரும் இருந்தன. இங்கே வேலை செய்பவர்கள் பெரும்பாலும் அந்தந்த நாட்டிலிருந்தே வந்தவர்கள். அதற்கென்றே க்யூ என்று ஒரு கலாசாரப் பரிமாற்ற விசா இருக்கிறது. ‘டிஸ்னி விசா’ என்பது அதன் பட்டப்பெயர். 1990 குடியேற்றச் சட்டத்தில் பிறந்தது. என்னைப் போன்றவர்களை மூட்டை மூட்டையாக இறக்கிய எச்1பி விசாவும் அதே சட்டத்தின் பிள்ளை. ஆக அந்தப் பெண்ணும் நானும் ஒருவகையில் உடன்பிறப்புகள். அவள் நார்வேக்காரியாக இருப்பதற்குச் சம்பளம் வாங்கினாள். நான் தமிழனாக இருப்பதற்கு யாரும் கொடுக்கவில்லை.

அப்பா அவளிடம், ஹாமர்ஃபெஸ்ட் துறைமுகம் அவ்வளவு வடக்கே இருந்தும் குளிர்காலத்தில் உறையாமல் இருப்பதற்கு வட அட்லாண்டிக் வெப்ப நீரோட்டம்தானே காரணம் என்று கேட்டார். முப்பது வருடம் கரும்பலகையில் எழுதிய பாடம், கடைசியில் ஒரு சாட்சி கிடைத்திருக்கிறது. அவள் முதலில் திகைத்தாள், பிறகு சிரித்தாள். தன் அப்பா வட கடலில் எண்ணெய் மேடையில் வேலை பார்ப்பதாகச் சொன்னாள். இருவரும் கால் மணி நேரம் பேசினார்கள். சகலை கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

ஏரியை முழுதாகச் சுற்றி முத்திரைகள் வாங்கிய பிறகு அப்பா வரைபடத்தை விரித்தார். “எல்லாம் சரி. இந்தியா எங்கடா?”

இல்லை. திறந்தபோது இஸ்ரேல், ஸ்பெயின், நிலநடுக்கோட்டு ஆப்பிரிக்கா எல்லாம் வரப்போவதாக அறிவித்தார்கள். அவையும் வரவில்லை. ஆப்பிரிக்காவுக்கு மிஞ்சியது சீனாவுக்கும் ஜெர்மனிக்கும் நடுவே குளிர்பானக் கடை ஒன்று. நூறு கோடிப் பேருக்கு அதுவும் கிடையாது. உணவுத் திருவிழாவின்போது சில ஆண்டுகளில் ஒரு சாப்பாட்டுக் கடை போடுவார்கள், அவ்வளவுதான். அரங்கம் கட்ட ஒரு நாடோ அதன் பெருநிறுவனங்களோ பணம் தர வேண்டும். மொராக்கோவுக்கு மன்னர் இரண்டாம் ஹசன் கைவினைஞர்களையே அனுப்பிவைத்தார். நம்மிடம் மன்னர் இல்லை.

மறுநாள் டிஸ்னியின் இன்னொரு பூங்காவான அனிமல் கிங்டமுக்குப் போனபோது இந்தியா அகப்பட்டது, வேறு பெயரில். ஆனந்தபூர். இந்தியா, நேபாளம், தென்கிழக்காசியா எல்லாவற்றிலும் கொஞ்சம் கிள்ளிப் போட்டுச் செய்த கற்பனை ராஜ்யம். இடிந்த அரண்மனை, அதில் உலாவும் புலிகள், மகாராஜா பெயரில் காட்டுப் பாதை, காளி பெயரில் ஆற்றுச் சவாரி. அப்பா கவனமாகச் சுற்றிப் பார்த்துவிட்டு, “இது எந்த ரேகையில வருது?” என்றார்.

அன்றைக்கு இது சிரிப்பாக இருந்தது. பின்னாளில் சகலையோடு வாதாடும்போதெல்லாம் எனக்கு இந்த ஆனந்தபூர்தான் ஞாபகம் வரும்.

நாடுகளின் சவாரிகளுக்குள் கார்ட்டூன் நுழைந்தது வாத்து வழியாக. 2007இல் மெக்சிகோவின் பழைய படகுச் சவாரியில் டொனால்ட் டக்கைப் புகுத்தினார்கள். பிரமிடுக்குள் மாயா நாகரிகம், சந்தை, வாண வேடிக்கை என்று மிதந்துகொண்டிருந்த படகு, காணாமல் போன வாத்தைத் தேடும் படகாயிற்று. தேடுபவர்கள் இருவர். பஞ்சிட்டோ என்ற மெக்சிகோச் சேவல், ஜோசே கரியோகா என்ற கிளி. கிளி பிரேசில் நாட்டுக்காரர். மெக்சிகோவில் அவருக்கு என்ன வேலை என்று அப்போது சகலை எழுப்பிய கேள்விக்கு இன்றுவரை பதில் இல்லை.

ஆனால் அது சில்லறைச் சண்டை. பெரிய யுத்தம் நார்வேயில். 2013இல் ஃப்ரோஸன் படம் வந்தது. பனி ராணி எல்சா, தங்கை அன்னா, அரண்டெல் என்ற ராஜ்யம். உலகெங்கும் பெண் குழந்தைகள் நீல கவுனோடு தூங்கினார்கள். என் மகளும்தான். சென்னையில் வெயில் காலத்தில் ஒரு கல்யாணத்துக்கு அதே கவுனில் வந்தாள். 2014 செப்டம்பரில் அறிவிப்பு வந்தது: மெயில்ஸ்ட்ராம் மூடப்படும், அந்த இடத்தில் ஃப்ரோஸன். அக்டோபர் 5 கடைசி நாள். சகலை போய் வழியனுப்பிவிட்டு வந்தார்.

ரசிகர்கள் கையெழுத்து இயக்கம் நடத்தினார்கள். அவர்கள் வாதம் லேசானதல்ல. அரண்டெல் நார்வே அல்ல, எந்த வரைபடத்திலும் இல்லாத ஊர். கதைக்கு வித்து டென்மார்க்கின் ஆண்டர்சன் எழுதியது. ஒரு நிஜ நாட்டின் பெயர்ப்பலகைக்கு அடியில் பொய் நாட்டைக் குடிவைத்தால், மற்றப் பத்து நாடுகளுக்கும் அந்தக் கதி வர எவ்வளவு நேரம் ஆகும்? இதெல்லாம் டிஸ்னியின் மாஜிக் கிங்டமில் வைக்க வேண்டியது, அதற்குத்தானே அந்தப் பூங்கா?

2016 ஜூன் 21 அன்று ஃப்ரோஸன் எவர் ஆஃப்டர் திறந்தது. முதல் நாள் மணிக்கணக்கில் வரிசை. அதே படகு, அதே கால்வாய், அதே இடத்தில் பின்னோக்கி ஓட்டம். பூதம் இருந்த பாதையில் பாட்டு. நெரிசல் தணிந்த பிறகு நாங்களும் போய் வந்தோம். அன்று இரவு சகலை வீட்டில் வழக்கு விசாரணைக்கு வந்தது. மகளுக்கு அப்போது எட்டு வயது.

“முன்னாடி அந்தப் படகுல ஏறினா ஒரு நாட்டைத் தெரிஞ்சுக்கலாம்மா. வைகிங், புயல், எண்ணெய் எடுக்குறது... இப்ப என்ன இருக்கு? பாட்டு!”

“பூதம் இருந்துச்சாமே பெரியப்பா?”

“ஆமா, மூணு தலைப் பூதம். நார்வே நாட்டுப்புறக் கதையில வர்றது.”

“மூணு தலைப் பூதம் நிஜம், எல்சா பொய்யா?”

சகலை என்னைப் பார்த்தார். நான் சாம்பார் எடுத்துவர எழுந்தேன்.

“அந்தப் படம் போடுவாங்களே, நார்வே படம். அதை எத்தனை தடவை முழுசாப் பார்த்தீங்க பெரியப்பா?” இது என் மனைவி கிளப்பிவிட்ட கேள்வியாக இருக்கலாம்.

“அது இருந்துச்சுல்ல. பார்க்கிறோமோ இல்லையோ, இருக்கணும்.”

அந்த ஒரு வரியில் அவர் கட்சியின் மொத்தக் கொள்கையும் அடங்கிவிட்டது. பண்பாடு என்பது நாம் கடந்துபோகும்போது பக்கத்தில் ஓடிக்கொண்டிருக்க வேண்டிய படம். அதைச் சொல்லிக் கேலி செய்ய எனக்கு யோக்கியதை கிடையாது. என் வீட்டு அலமாரியிலும் முழுத் தொகுதியாக வாங்கிய தமிழ்ப் புத்தகங்கள் அட்டை மடியாமல் இருக்கின்றன.

இதற்கிடையில் நார்வேயே என்ன நினைத்தது? கோபித்துக்கொள்ளவில்லை. ஃப்ரோஸன் வெளியானபோதே அந்நாட்டுச் சுற்றுலாத் துறை டிஸ்னியோடு கைகோத்து, எங்கள் ஊர்தான் அந்தப் பனி ராஜ்யத்துக்கு ஆதாரம் என்று விளம்பரம் செய்தது. நிஜ நாடு பொய் நாட்டின் தோளைப் பிடித்துக்கொண்டு பயணிகளை அழைத்தது. நார்வேயின் மானத்துக்காகத் திருவாரூர்க்காரர் ஒருவர் ஆர்லாண்டோவில் பட்டினி கிடந்தது ஆஸ்லோவுக்குத் தெரியாது.

பிறகு வந்தது எலி. 2021 அக்டோபர் 1, டிஸ்னி வேர்ல்டின் பொன்விழா நாளில், பிரான்ஸில் ராட்டடூயி என்ற கார்ட்டூன் படத்தின் சவாரி திறந்தது. ஏறி உட்கார்ந்தால் நாமே எலியளவு ஆகிப் பாரிஸ் சமையலறையில் கால்களுக்கு நடுவே ஓடுகிறோம். பிரான்ஸ் அரங்கில் 1982இலிருந்து இருக்கும் உணவகத்தைத் தொடங்கிவைத்தவர்கள் பால் போக்யூஸ், ரோஜே வெர்ஜே, காஸ்தோன் லெனோத்ர் என்ற மூன்று சமையல் மேதைகள். அந்தத் தெருவிலேயே அடுப்படியில் எலி ஓடும் காட்சிக்கு ஜனம் வரிசையில் நிற்கிறது. மிக்கியைக்கூட உள்ளே விடாத பூங்கா, நாற்பதாவது வயதை நெருங்கும்போது வந்தவர்களையே எலியாக்கியது. பிரான்ஸைப் பற்றிய பழைய படம் இன்னும் ஓடுகிறது. அதே அரங்கில் நேரம் பிரித்துக்கொண்டு ‘அழகியும் மிருகமும்’ கார்ட்டூன் படப் பாட்டுக் கச்சேரி.

சகலை கட்சி இதையும் எதிர்த்தது. எனக்கு அவர்மேல் மரியாதை வந்தது, 2022 ஜனவரி வரை. அந்த மாதம் எப்காட்டில் ஃபிக்மென்ட் உருவத்தில் ஒரு பாப்கார்ன் வாளி விற்பனைக்கு வந்தது. ஃபிக்மென்ட் என்பது ஊதா நிறக் குட்டி டிராகன், 1983இலிருந்து எப்காட்டின் முன்பாதியில் கற்பனை அரங்கத்து நாயகன். 1999இல் அதைக் கிட்டத்தட்ட நீக்கிவிட்டு, ரசிகர்கள் போட்ட சத்தத்தில் 2002இல் திரும்பக் கொண்டுவந்தார்கள். அந்த வாளிக்கு ஜனங்கள் மணிக்கணக்கில் நின்றார்கள். நின்றவர்களில் கார்ட்டூன் எதிர்ப்புக் கட்சித் தலைவரும் ஒருவர்.

“பெரியப்பா, ஃபிக்மென்ட் கார்ட்டூன் இல்லையா?” என்றாள் மகள், வாளியைக் கையில் வாங்கியபடி.

“அது எப்காட்டோட சொந்தப் பிள்ளைம்மா. சினிமாவுல இருந்து வந்தது இல்ல” என்றார்.

அப்போதுதான் எனக்கு வழக்கின் சாரம் விளங்கியது. அவர் கேட்பது நார்வேயின் உண்மையை அல்ல. முதல்முறை அவர் உள்ளே போனபோது எது இருந்ததோ அது பண்பாடு, அதற்குப் பிறகு வந்தது கார்ட்டூன். டிராகன் பண்பாடு, வாத்து கார்ட்டூன். பூதம் பண்பாடு, பனி ராணி கார்ட்டூன்.

அதே 2022 மே மாதம் முன்பாதியில் கார்டியன்ஸ் ஆஃப் தி கேலக்ஸி படத்தின் ரோலர்கோஸ்டர் திறந்தது. டிஸ்னி அதற்குச் சொன்ன கதை இது: சாண்டார் என்ற கிரகம் தன் பண்பாட்டைப் பூமிக்குக் காட்ட அமைத்திருக்கும் அரங்கம். வேற்றுலக நாடு ஒன்றுக்கு எப்காட்டில் கிடைத்த முதல் அரங்கம். நான் ஊருக்குத் தொலைபேசியில் சொன்னேன். அப்பா சிறிது யோசித்து, “அவன் யாருக்கு மனு போட்டான்னு விசாரி” என்றார்.

காட்சி இப்போது மாறிவிட்டது. 2025இல் இன்னொரு அறிவிப்பு. ஃப்ரோஸன் சவாரிப் பொம்மைகளின் முகங்கள் அதுவரை ஒளிப்படம் பாய்ச்சியவை. அவற்றை எடுத்துவிட்டு, ஹாங்காங் பூங்காவில் இருப்பதுபோல் செதுக்கிய முகங்கள் வைக்கப்போவதாகச் சொன்னார்கள். நீல கவுன் போட்ட பெண்ணுக்கு அப்போது பதினேழு வயது. செய்தியைப் படித்துவிட்டு அவள் சொன்னது: “எதுக்கு மாத்தணும்? அந்தப் பழைய எல்சாதான் ஒரிஜினல்.”

சகலை எழுந்து வந்து அவள் தோளைத் தட்டினார். வாதியும் பிரதிவாதியும் ஒரே கட்சியானார்கள்.

இத்தனையும் கேட்ட பிறகு, கார் ஓட்டியவன் தீர்ப்புச் சொல்ல அனுமதி உண்டென்றால் சொல்கிறேன். எப்காட்டின் நாடுகள் அன்றும் கார்ட்டூன்தான். ஒரு தேசத்தை ஒரு கோட்டை, ஒரு உணவகம், ஒரு கடை, ஒரு படகு என்று நாலு கோட்டில் வரைந்தால் அதற்கு வேறென்ன பெயர்? ஆனந்தபூரைப் பார்த்த எங்களுக்கு அரண்டெல்லால் அதிர்ச்சி இல்லை. கற்பனை ராஜ்யமாக்கப்படுவது நார்வேக்காரர்களுக்குப் புதிது, நமக்குப் பழக்கம். ஆனாலும் சகலை பக்கத்தில் ஒரு நியாயம் மிச்சம் இருக்கிறது. தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லாமல், ஒரு எண்ணெய் மேடையையும் ஐந்து நிமிடப் படத்தையும் வைத்து ஜனத்தை இழுத்துவிடலாம் என்று ஒரு காலத்தில் ஒரு பெரிய வியாபார நிறுவனம் நம்பியது. நம்பிக்கை பொய்த்திருக்கலாம். ஆனால் அப்படி நம்பியதே ஒரு மரியாதை, பார்க்க வருகிறவனுக்குச் செய்த மரியாதை. இன்றைக்கோ, ஏற்கெனவே நமக்குப் பிடித்ததைத்தான் நமக்குக் காட்டுகிறார்கள்.

அங்கே அதிகம் கார்ட்டூனாகாமல் மிஞ்சியிருப்பவர்கள், சட்டையில் ஊர்ப் பெயரைக் குத்திக்கொண்டு கடையிலும் உணவகத்திலும் நிற்கும் பிள்ளைகள். பனி ராணியைத் தாராளமாகப் பாருங்கள், பாட்டும் நன்றாகத்தான் இருக்கிறது. வெளியே வரும்போது அந்த ஊர்ப் பெயரைப் படித்து, அந்தப் பிள்ளையிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். அதற்கு வரிசை கிடையாது.